தோற்றது உங்கள் கட்சியா, நாடா?

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் கடலூர் டீக்கடையில் நின்றாலும் புதுச்சேரி டீக்கடையில் நின்றாலும் காதில் விழுவது ஒரே பேச்சுதான். "இனி இந்த நாடு உருப்படாது." "ஜனங்களே சரியில்ல, யாரைக் குத்தம் சொல்ல?" "ஜனநாயகமாவது மண்ணாவது, காசு குடுத்தவன் ஜெயிச்சான்." அடுத்த தேர்தலில் தோற்கும் பக்கம் மாறினால் இதைச் சொல்லும் ஆள் மாறுவார். வசனம் அப்படியே இருக்கும்.

2021 மே 2-ஆம் தேதி இதைக் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. அன்று தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே நாளில் ஓட்டு எண்ணினார்கள். தமிழ்நாட்டில் திமுக கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. புதுச்சேரியில் அதே திமுக, காங்கிரஸ் கூட்டணி தோற்று, என்.ஆர். காங்கிரஸும் பாஜகவும் சேர்ந்து ஆட்சிக்கு வந்தன. கடலூரில் பஸ் ஏறி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் போதும், "ஜனநாயகம் ஜெயிச்சிடுச்சு" என்ற பேச்சு "ஜனநாயகம் செத்துப்போச்சு" என்று ஆகிவிடும். பேசுகிற இரண்டு பேரும் சம்பந்திகளாகக்கூட இருப்பார்கள்.

சமத்துவம், மதச்சார்பின்மை, பேச்சுச் சுதந்திரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பெரிய விஷயங்கள் மீது, ஒரு தேர்தல் முடிவைப் பார்த்ததும் நம்பிக்கை போய்விடுவது நிஜமான உணர்வு. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் அந்த ஏமாற்றத்துக்குள் வெவ்வேறு சமாசாரங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக "நாடே போச்சு" என்று சொல்வதுதான் குழப்பத்துக்குக் காரணம். இந்தக் கட்டுரை அந்தப் பிரிப்பு வேலையை மட்டும் செய்கிறது.

## ஏலச்சீட்டிலிருந்து ஆரம்பிப்போம்

நம் ஊரில் ஏலச்சீட்டு தெரியாதவர் குறைவு. இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஏலம் நடக்கும். அதிகமாகத் தள்ளிக் கேட்பவருக்குச் சீட்டு விழும். ஒருவர் 20,000 தள்ளிக் கேட்டால் அவர் கையில் 80,000. தள்ளிய 20,000 இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரியும். ஏலத்தில் தோற்றவருக்கும் அந்த ஆயிரம் உண்டு. எடுத்தவர் எடுத்ததோடு போய்விட முடியாது, கடைசி மாதம் வரை கட்டியாக வேண்டும்.

இதில் ஒருவர் வருத்தப்பட மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, இந்த மாதம் தனக்கு விழவில்லை. இரண்டு, ஏல முறையே ஒரு மாதிரியான ஆட்களுக்குச் சாதகமாக இருக்கிறது என்ற எண்ணம். மூன்று, எடுத்தவர் கட்டாமல் நிறுத்திவிட்டார், அல்லது சீட்டு நடத்துகிறவரே கணக்கில் விளையாடுகிறார்.

முதல் வருத்தத்துக்காகச் சீட்டே மோசடி என்று யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். இரண்டாவதுக்கு உட்கார்ந்து பேசி, அடுத்த சீட்டில் விதியை மாற்றுவார்கள். மூன்றாவது நடந்தால்தான் கூட்டமாகக் கிளம்பி அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள்.

தேர்தல் என்பது அந்த மாதத்து ஏலம். நாட்டின் இலட்சியங்கள் சீட்டின் விதிகள். யாருக்கு எப்போது விழுந்தாலும் எல்லோரையும் கட்டுப்படுத்துபவை அவை. ஓர் இடத்தில் இந்த ஒப்புமை உதைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீட்டில் இருபது மாதத்துக்குள் எல்லோர் முறையும் வந்துவிடும். தேர்தலில் உங்கள் முறை வந்தே தீரும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

சுருக்கமாக, ஏலத்தில் தோற்றது ஒரு வகை, ஏல முறை சரியில்லாதது இன்னொரு வகை, விதி உடைந்தது மூன்றாவது வகை. இனி ஒவ்வொன்றாக.

## முதல் வகை: தோற்ற வலி

அரசியல் அறிஞர் டேவிட் ஈஸ்டன் ஆதரவை இரண்டாகப் பிரித்தார். இப்போது ஆள்பவர்கள், அவர்கள் இப்போது செய்யும் காரியங்கள் ஆகியவற்றின் மீது நமக்கு இருப்பது குறிப்பான ஆதரவு. ஆட்சி யாருடையதாக இருந்தாலும், நாடு, சட்டம், தேர்தல் என்ற ஏற்பாட்டின் மீதே இருப்பது பரவலான ஆதரவு. முதலாவது ஏறும், இறங்கும். அது இயல்பு. இரண்டாவது மெல்லத்தான் சேரும், மெல்லத்தான் கரையும்.

தேர்தலுக்குப் பிறகு பெரும்பாலான நாடுகளில் நடப்பது இதுதான்: ஜெயித்த கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களிடம் "ஜனநாயகம் நன்றாக வேலை செய்கிறதா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், தோற்ற கட்சிக்குப் போட்டவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஜனநாயகம் இரண்டு பேருக்கும் ஒன்றேதான். அடிபட்டது குறிப்பான ஆதரவு, ஆனால் வலி பரவலான ஆதரவில் தெரிகிறது.

அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர் அம்பேத்கரே இதற்கு நல்ல பாடம். அந்த அரசியலமைப்பின்படி நடந்த முதல் பொதுத்தேர்தலில், பம்பாயில் நின்று தோற்றார். 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். இடையில் 1953 செப்டம்பரில், ஆந்திர மாநிலம் அமைப்பதற்கான மசோதா மீது மாநிலங்களவையில் பேசும்போது, இந்த அரசியலமைப்பை எரிக்கும் முதல் ஆளாகத் தானே இருப்பேன் என்கிற அளவுக்குக் கொதித்தார். அந்தக் கொதிப்பின் நடுவே இருந்தது தேர்தல் தோல்வி இல்லை. சிறுபான்மையினருக்குப் போதிய பாதுகாப்பு இல்லாமல் பெரும்பான்மையின் கையில் அதிகாரம் போகிறதே என்பதுதான் அவர் வாதம். தோல்வி ஒரு கணக்கு, விதி ஏமாற்றுவது வேறு கணக்கு என்பதை அவர் போலப் பிரித்துப் பார்த்தவர் குறைவு.

## இரண்டாம் வகை: எண்ணும் முறை செய்யும் மாயம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "நாட்டு ஜனங்க மொத்தமா மாறிட்டாங்க" என்ற விரக்தியில் பாதி இங்கேதான் உற்பத்தியாகிறது.

நம் நாட்டில் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் முந்துபவரே வெல்லும் முறை. அதாவது பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை, மற்றவர்களைவிட ஓர் ஓட்டு அதிகம் இருந்தால் போதும். ஒரு தொகுதியில் 30,000 ஓட்டு பதிவாகிறது. ஒருவருக்கு 11,000, அடுத்தவருக்கு 10,500, மூன்றாமவருக்கு 8,500. ஜெயித்தவருக்கு எதிராக விழுந்தது 19,000 ஓட்டு, ஆனாலும் அவர்தான் எம்.எல்.ஏ. எல்லாத் தொகுதியிலும் இதே கணக்கு வந்தால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கிய கட்சிக்கு நூற்றுக்கு நூறு இடம் கிடைக்கும். மறுநாள் பேப்பரில் "சூறாவளி", "சுனாமி" என்று எழுதுவார்கள்.

கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 30 சதவீத ஓட்டு வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டின் 39 இடங்களும் புதுச்சேரியின் ஒன்றும் திமுக கூட்டணிக்கே போயின. பத்து வருடம் கழித்து 2014-ல் சக்கரம் திரும்பியது. அதிமுக சுமார் 44 சதவீதத்தில் 37 இடங்கள். திமுகவுக்கு 23 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, இடம் பூஜ்யம். அதே தேர்தலில் நாடு முழுக்கப் பாஜக வாங்கிய ஓட்டு சுமார் 31 சதவீதம், கிடைத்த இடங்கள் 282, அதாவது பாதிக்கு மேல்.

புதுச்சேரியில் தொகுதிகள் சின்னவை என்பதால் இந்த மாயம் இன்னும் விநோதமாக நடக்கும். சுமார் பத்து லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். அதில் புதுச்சேரிப் பகுதிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33,000 வாக்காளர் என்றால், நான்கைந்து தெருவில் செல்வாக்கு உள்ளவர் சுயேச்சையாக நின்றே ஜெயிக்கலாம். 2021-ல் ஆறு சுயேச்சைகள் ஜெயித்தார்கள். அதே தேர்தலில் காங்கிரஸுக்குச் சுமார் 15.7 சதவீத ஓட்டு, இடம் இரண்டு. பாஜகவுக்குச் சுமார் 13.7 சதவீதம், இடம் ஆறு. காங்கிரஸ் அதிகத் தொகுதிகளில் நின்றது, அதனால் அதன் ஓட்டு பரந்து கிடந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் "ஆறு பெரிசா, ரெண்டு பெரிசா" என்று மட்டும் பார்ப்பவருக்கு, அந்த ஊர் ஜனங்களின் மனசு சரியாகத் தெரியாது.

வேறு முறைகளும் உண்டு. ஓட்டு எத்தனை பங்கோ அத்தனை பங்கு இடம் என்பது விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். பிரான்ஸில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது இரண்டு சுற்று முறை: முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால், முதல் இரண்டு பேர் மட்டும் மறுபடி மோத வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சில ஆயிரம் பேர் புதுச்சேரியில் இருப்பதால், ஒரே தெருவில் இரண்டு முறைகளிலும் ஓட்டுப் போடும் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும். 2002-ல் அந்த முதல் சுற்றில் ஜாக் ஷிராக் வாங்கியது 20 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டாம் சுற்றில் 82 சதவீதம். இரண்டு வாரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆளே மாறிப்போய்விடவில்லை. கேள்வி மாறியது, பதில் மாறியது.

ஆக, எதிர்க்கட்சிக்கு ஓர் இடமும் இல்லை என்பதால் எதிர்க்கருத்து உள்ளவர்களே இல்லை என்று ஆகாது. நீங்கள் தனி ஆள் என்று தோன்ற வைப்பது பெரும்பாலும் எண்ணும் முறைதான். முறை சரியில்லை என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும். அது இலட்சியத்தைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது.

## "மக்கள் தீர்ப்பு" என்று ஒன்று இருக்கிறதா?

நெருக்கடி நிலை முடிந்து 1977 மார்ச்சில் நடந்த தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது, இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். "சர்வாதிகாரத்துக்கு மக்கள் கொடுத்த தண்டனை" என்று இன்றும் சொல்கிறோம். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக, காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் கூட்டணி 39-ல் 34 இடங்களைப் பிடித்தது. அப்படியானால் தமிழர்கள் நெருக்கடி நிலையை விரும்பினார்கள் என்று அர்த்தமா? அப்படிச் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களே சண்டைக்கு வருவார்கள். இங்கே எம்.ஜி.ஆர். என்ற அலை இருந்தது, கூட்டணிக் கணக்கு இருந்தது, வடக்கில் நடந்த கட்டாயக் கருத்தடைக் கொடுமை அதே வேகத்தில் இங்கே இல்லை.

ஓட்டு என்பது ஒற்றைப் பொத்தான். அதை அமுக்கும் ஒருவர் மனசில் ரேஷன் கடை, சாதி, முதல்வர் முகம், தன் தெருவில் வராத தண்ணீர், பிள்ளையின் வேலை எல்லாம் சேர்ந்து இருக்கும். "நீ சமத்துவத்தை ஏற்கிறாயா?" என்று எந்த வாக்குச்சாவடியிலும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதிலைத் தேர்தல் முடிவில் படித்துவிட்டு, "ஜனங்க மோசம்" என்று முடிவு கட்டுவது அவசரம். படித்தவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்லும் நோட்டா பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. யாருக்கும் போட விருப்பமில்லை என்று வாக்குச்சாவடியில் பதிவு செய்யும் 49ஓ விதியைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்த காலம் போய், 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இயந்திரத்திலேயே பொத்தான் வந்தது. சட்டமன்றத்திலோ மக்களவையிலோ நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர். மறுதேர்தல் வரும் என்று பரவும் சேதி தவறு.

## மூன்றாம் வகை: விதி உடைவது

இதுதான் இலட்சியத்தை நேரடியாகத் தொடும் வகை. ஓட்டுக்குப் பணம் இதில் சேரும். தேர்தல் சட்டப்படி அது லஞ்சக் குற்றம், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் தேர்தல் நிறுத்தப்பட்டது, 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது, 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது, எல்லாம் பணப் பட்டுவாடாப் புகாரில்தான். பணம் வாங்கியவர் வாங்கிய பக்கமே போட்டார் என்று நினைக்காதீர்கள், இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு மூன்றாவது ஆளுக்குப் போடுகிற சாமர்த்தியசாலிகள் நம்மிடம் உண்டு. அதனால் குற்றம் குறையாது. ஆனால் "காசால்தான் ஜெயிச்சான்" என்ற ஒற்றைக் காரணம் பலவீனமாகும்.

புதுச்சேரியில் இதைவிடச் சிக்கலான ஒன்று இருக்கிறது. விதி உடையவில்லை, ஆனால் விதியே இலட்சியத்தோடு உரசுகிறது.

புதுச்சேரி முழு மாநிலம் இல்லை, சட்டப்பேரவை உள்ள யூனியன் பிரதேசம். 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரோடு மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். இவர்கள்தான் நியமன எம்.எல்.ஏ.க்கள். 2016 தேர்தலில் பாஜகவுக்கு 30-ல் ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2017-ல் அந்தக் கட்சியைச் சேர்ந்த மூன்று பேரை மத்திய அரசு நியமித்தது. அப்போது அங்கே ஆண்ட காங்கிரஸ் அமைச்சரவையைக் கேட்கவில்லை. காங்கிரஸ் தரப்பு வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நியமனம் செல்லும், அவர்கள் பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் ஓட்டுப் போடலாம் என்று தீர்ப்பளித்தது.

அப்புறம் 2021 பிப்ரவரி வந்தது. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்தார்கள். பிப்ரவரி 22-ஆம் தேதி காங்கிரஸ் முதல்வர் நாராயணசாமியின் அரசு பெரும்பான்மையை நிரூபிக்க முடியாமல் கவிழ்ந்தது. அன்று அவையில் ஆளுந்தரப்பு, சபாநாயகரையும் சேர்த்து, 12 பேர். எதிர்த்தரப்பு 14 பேர், அதில் மூவர் நியமன உறுப்பினர்கள். அவர்களைக் கழித்தால் 11. சொந்தக் கட்சி ஆட்கள் போனதுதான் அரசு விழ முதல் காரணம், அதை மறைக்க முடியாது. ஆனாலும் யாருடைய ஓட்டையும் வாங்காத மூன்று பேர், லட்சக்கணக்கானவர் ஓட்டில் வந்த ஓர் அரசின் தலையெழுத்தை எழுதும் தராசில் இருந்தார்கள். சட்டப்படி சரி. மக்களாட்சி என்ற சொல்லுக்கு அது சரியா?

இந்த மாதிரி ஏமாற்றத்துக்கு உண்மையான பெயர் வைக்க வேண்டும். இது தோல்வி வலி இல்லை. சீட்டு எழுதும்போதே, சீட்டு நடத்துகிறவருக்கு மூன்று ஓட்டு என்று எழுதி வைத்த கதை. பணம் கட்டும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது, இந்த மாதம் ஏலம் எடுத்தவர் உட்பட. மாநில அந்தஸ்து கேட்டுப் புதுச்சேரிப் பேரவை பல முறை தீர்மானம் போட்டிருப்பது இந்தக் கடுப்பிலும்தான். எதிர்க்கட்சியாக இருக்கும்போது உரக்கக் கேட்டுவிட்டு, டெல்லியோடு உறவானதும் குரலைத் தணித்துக்கொள்வது நம் தலைவர்களின் பழக்கம்.

இங்கே ஒரு சின்னத் தொகுப்பு. விதியை மீறினால் நீதிமன்றம், தேர்தல் ஆணையம் என்று போக இடம் இருக்கிறது. விதியே கோணலாக இருந்தால் சட்டத்தை மாற்றத்தான் போராட வேண்டும். இரண்டையும் அடுத்த தேர்தலில் ஜெயிப்பதால் மட்டும் தீர்த்துவிட முடியாது.

## அப்படியானால் இலட்சியம் எங்கே இருக்கிறது?

நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசியலமைப்பின் முகப்புரை சொல்கிறது. இதில் கடைசி மூன்றும் புதுச்சேரிக்குப் பழைய அறிமுகம், அங்கே முன்பு ஆண்ட பிரெஞ்சு அரசின் முழக்கமே அவைதான். முழக்கம் அப்படி இருந்தும், 1884-ல் பிரெஞ்சிந்தியாவில் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒரு பட்டியல், தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர் ஒரு பட்டியல், மற்ற இந்தியர் எல்லோரும் ஒரு பட்டியல். சில நூறு பேர் உள்ள பட்டியலுக்கும் பல்லாயிரம் பேர் உள்ள பட்டியலுக்கும் சம எடை. சமத்துவம் சுவரில் இருந்தது, வாக்காளர் பட்டியலில் இல்லை. அந்தப் பிரிவினை ஒழிய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆனது.

இந்தியாவும் இதே முரண்பாட்டோடுதான் தொடங்கியது. 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னதன் சாரம் இது: அரசியலில் ஒருவருக்கு ஓர் ஓட்டு என்ற சமத்துவம் வரப்போகிறது, சமூக, பொருளாதார வாழ்க்கையிலோ சமமின்மை தொடரப்போகிறது, இந்த முரண்பாட்டோடுதான் 1950 ஜனவரி 26-க்குள் நுழைகிறோம். அதற்கு ஓராண்டு முன்பே, 1948 நவம்பரில், அரசியலமைப்பு அறம் என்ற ஒன்றைப் பற்றியும் பேசியிருந்தார். எழுதிய விதியை, எழுதாத இடத்திலும் அதன் நோக்கத்துக்கு உண்மையாக நடத்துவதுதான் அது என்று எளிமையாகச் சொல்லலாம். தானாக வராது, பழக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

கடலூர் மாவட்டத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. புவனகிரி பக்கத்தில் தெற்குத்திட்டை ஊராட்சி. அங்கே தேர்தலில் ஜெயித்த பட்டியல் சாதிப் பெண் தலைவர், ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில். தேர்தல் நியாயமாக நடந்தது, ஓட்டு சரியாக எண்ணப்பட்டது, அவர் தோற்கவும் இல்லை. இலட்சியம் உடைந்தது ஒரு நாற்காலி விஷயத்தில். பிறகு ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. தேர்தல் முடிவைப் பார்த்து மட்டும் நாட்டின் இலட்சியத்தை அளப்பவர்கள் கணக்கில் தெற்குத்திட்டை வராது. ஜெயித்த அன்று "ஜனநாயகம் வென்றது" என்று பட்டாசு வெடித்தவர்கள் கணக்கிலும் வராது.

தோற்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பது இன்னோர் அளவுகோல். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் புதுச்சேரியின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிர்த்து 8 பேர். இவ்வளவு பெரிய பெரும்பான்மை இருந்தும், 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பியவர்களுக்கு அந்த வாய்ப்பை எழுத்தில் கொடுத்தது. 1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் பலர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஏலத்தில் தோற்றவருக்கும் வந்து சேர்ந்த அந்த ஆயிரம் ரூபாய் இதுதான்.

## தோல்வியைச் சந்தேகித்தால் என்ன வழி?

முடிவே தப்பு என்று நினைப்பவர் செய்யக்கூடியது தேர்தல் வழக்கு. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். வேட்பாளரும் போடலாம், அந்தத் தொகுதி வாக்காளரும் போடலாம். 1975 ஜூன் 12-ல் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தலே செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது இப்படி ஒரு வழக்கில்தான்.

வழி இருக்கிறது, வேகம்தான் இல்லை. 2016-ல் ராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் 49 ஓட்டு. தோற்ற திமுக வேட்பாளர் அப்பாவு வழக்குப் போட்டார். தபால் ஓட்டுகளையும் கடைசிச் சுற்றுகளையும் திரும்ப எண்ண 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே 2021-ல் முடிந்துபோனது. இதைப் பார்த்து ஒருவர் நம்பிக்கை இழந்தால், அவர் தோல்வியைத் தாங்காதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சரியான இடத்தில்தான் கோபப்படுகிறார்.

## நடக்காத தேர்தல்

கடைசியாக ஒன்று. பிடிக்காத முடிவு வந்த தேர்தலைப் பற்றி வருடக்கணக்கில் பேசுகிறோம். நடக்கவே நடக்காத தேர்தலைப் பற்றிப் புதுச்சேரியில் எத்தனை பேர் பேசுகிறார்கள்? அங்கே 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல். முப்பத்தெட்டு வருட இடைவெளி. 2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது, பிறகு பத்தாண்டுக்கு மேல் அதிகாரிகள் கையில்தான் நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்தும். 2021-ல் தேதி அறிவித்தும், இடஒதுக்கீட்டுப் பிரச்சினை நீதிமன்றம் வரை போய் அதுவும் நின்றது.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் என்பது 1992-ன் அரசியலமைப்புத் திருத்தங்கள் விதித்த கட்டாயம். இந்தக் காலம் முழுக்கப் புதுச்சேரியில் காங்கிரஸும் ஆண்டது, என்.ஆர். காங்கிரஸும் ஆண்டது, பாஜக கூட்டணியில் பங்கேற்றது, திமுக ஒரு சமயம் முதல்வர் நாற்காலியிலேயே இருந்தது. சட்டமன்றத் தேர்தல் என்றால் எண்பது சதவீதத்துக்கு மேல் திரண்டு வந்து ஓட்டுப் போடுகிற ஊர் இது. தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் பொறுப்பான ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு கையைவிட்டுப் போனதற்காக, "நாடு போச்சு" என்று யாரும் டீக்கடையில் புலம்பி நான் கேட்டதில்லை.